ஏபிஎஸ் இல்லாத காரில் பழகிய பிரேக்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், வீட்டு மாடியறையில் கார் பந்தய சிமுலேட்டர் ஓட்டும் எனக்கு, சாலைக் கார்களை மாற்றியமைத்த பந்தயக் கார்களின் ஜிடி3 வகுப்பில் எவ்வளவு பயின்றும் சுற்று நேரம் குறையவில்லை. அவ்வகைக் கார்களில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், முடுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலும் இருப்பதால், பிரேக்கை எங்கே மிகையாக அழுத்துகிறேன் என்பது காலுக்குத் தெரிவதே இல்லை. அதைவிட வேகம் குறைந்த ஜிடி4 வகுப்பு வழியே படிப்படியாக ஏறச் சொல்வார்கள். அதிலும் ஏபிஎஸ் உண்டு என்பதால் இந்தக் குறைக்கு அது மருந்தாகாது.

ஆகவே, 1967-இல் இங்கிலாந்தில் தொடங்கிய, காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளோ மின்னணு உதவிகளோ இல்லாத, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களின் 1600 சிசி ஃபார்முலா ஃபோர்டு வகுப்பைத் தேர்ந்தேன். வளைவில் நுழையும்போது பிரேக்கைச் சட்டென விட்டால் முன்சக்கரங்களின் மீதுள்ள பாரம் குறைந்து கார் வெளிப்புறம் நழுவுகிறது. நிதானமாகத் தளர்த்தினால் ஸ்டியரிங் கனத்து, மூக்கு உள்ளே திரும்புகிறது. இந்த வேறுபாடு பிடிபடும்வரை ஒரே தடத்தில், ஒரே எரிபொருள் அளவில்தான் ஓட்டினேன். இப்போது ஜிடி3-இலும் ஏபிஎஸ் குறுக்கிடுவது அரிதாகிவிட்டது.