எஃகு ஹார்ட்டெயிலை ஆல்ப்ஸ் மலைப் பாதைகளுக்காகப் பூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் ஃபோர்க் இருந்து, பின்பக்கம் எந்த அதிர்வுத் தாங்கியும் இல்லாத மலைச் சைக்கிளை ஹார்ட்டெயில் என்கிறோம். ஒரே இறக்கத்தில் 1000 மீட்டருக்கு மேல் கீழே கொண்டுவந்துவிடும் ஆல்ப்ஸ் பாதைகளுக்காக, வெற்று எஃகு ஃபிரேமில் தொடங்கி அப்படியொரு சைக்கிளைப் பூட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பிடித்த பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துவிட்டு, அவை அந்த ஃபிரேமுக்கும் அந்த இறக்கத்துக்கும் ஏற்றவையா என்று கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

முதல் தவறு ஃபோர்க்கின் நீளத்தில் நேர்கிறது. மலை பெரியது என்பதால் ஃபோர்க்கும் நீளமாக இருக்கட்டும் என்று, 130 மி.மீ. அமுங்குதூரத்துக்கு வடிவமைத்த ஃபிரேமில் 160 மி.மீ. ஃபோர்க்கைப் பொருத்துகிறார்கள். ஃபோர்க் ஏறத்தாழ 20 மி.மீ. நீண்டால் முன்கோணம், அதாவது ஃபோர்க் நுழையும் ஹெட் டியூப் தரையோடு அமைக்கும் கோணம், ஒரு டிகிரி சாய்ந்துவிடும். பெடல் அச்சு உயரும். ஏற்றத்தில் முன்சக்கரம் தடம் விட்டு அலையும். ஹெட் டியூபின் வெல்டிங் இணைப்பில் விழும் நெம்புவிசையும் கூடும். தயாரிப்பாளர் ஃபோர்க்குக்கு உச்ச வரம்பு குறிப்பிடுவதற்கு இதுவே காரணம். அந்த வரம்பைத் தாண்டுவதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஹார்ட்டெயிலில் ஆள் ஏறி அமர்ந்ததும் முன்பக்கம் மட்டுமே அமுங்குகிறது. 140 மி.மீ. ஃபோர்க் கால் பங்கு அமுங்கினால் 35 மி.மீ. தாழ்ந்து, வரைபடத்தில் 65 டிகிரியாக இருக்கும் முன்கோணம் ஓடும்போது 66.5 டிகிரியைத் தாண்டிவிடும். இரு பக்கமும் அமுங்கும் சைக்கிளின் கோணத்தோடு இதை நேரடியாக ஒப்பிட்டு ஃபிரேமைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாந்துபோவார்.

ஃபோர்க்கைப் பூட்டியதும் ஹேண்டில்பாரை மெல்ல முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும். எஃகு ஃபிரேம்களில் கீழ்க்குழாய் பெரும்பாலும் நேராகவே வரும் என்பதால், ஃபோர்க்கின் மேல்முனையில் இருக்கும் திருகுக் குமிழ் குழாயில் இடிக்கக்கூடும். நான் பூட்டிய முதல் சைக்கிளில் இதைப் பார்க்காமல் விட்டேன். சிறிய விழுகை ஒன்றிலேயே, மெல்லிய சுவர் கொண்ட அந்தக் குழாயில் கட்டைவிரல் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுப்பான ஹெட்செட்டில் உயரம் கூடிய கீழ்க் கிண்ணம் ஒன்றைப் போட்டிருந்தால் அந்தப் பள்ளம் விழுந்திருக்காது. அதுவும் ஃபோர்க்கின் நீளத்தைக் கூட்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெற்று ஃபிரேம் கைக்கு வந்த உடனே பாகங்களைப் பூட்டத் தொடங்குவது அடுத்த தவறு. பெடல் அச்சு அமரும் பாட்டம் பிராக்கெட் கூட்டின் மரைக்குள் பெயிண்ட் படிந்திருக்கும். மரை வெட்டும் கருவியை ஓட்டினால் வண்ணச் சுருள்களும் உலோகத் துகள்களும் சேர்ந்து உதிர்வதைக் காணலாம். அதைச் செய்யாமல் ஸ்பேனரை வைத்து வலுவாக முறுக்கினால் மரை நாசமாகிவிடும். 73 மி.மீ. அகல மரைக் கூட்டில், செயின் இருக்கும் வலப்புறம் இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும் என்பதை மறந்து மரையைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. வெல்டிங் சூட்டில் ஹெட் டியூப் சற்றே வட்டம் இழந்திருக்கலாம் என்பதால், அதன் இரு முனைகளையும் சமன்படுத்திய பிறகே ஹெட்செட்டை அழுத்திப் பொருத்த வேண்டும். பிரேக் பேடுகளை அழுத்தும் டிஸ்க் காலிப்பர் அமரும் பரப்புக்கும் இதே கவனம் தேவை. குழாய்களின் உட்புறத்தில் துருத் தடுப்பு எண்ணெயைத் தெளித்து, ஃபிரேமை எல்லாத் திசையிலும் சாய்த்துச் சுழற்றி ஓர் இரவு உலரவிடுங்கள். பாகங்கள் பூட்டப்பட்ட பிறகு இதைச் செய்ய வழியே இருக்காது. அலுமினிய சீட்போஸ்ட்டைக் கிரீஸ் இல்லாமல் எஃகுக் குழாயில் செருகினால், ஈரம் பட்டு இரு உலோகங்களும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் மிக அதிகமாகக் குறைத்து மதிப்பிடப்படுவது பிரேக்தான். ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ என்று கொண்டால், 1000 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 9.8 லட்சம் ஜூல். 20 டிகிரியில் இருக்கும் மூன்று லிட்டர் நீரைக் கொதிநிலையை நெருங்கச் செய்ய இது போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், செங்குத்தான பாதையில் மெதுவாக இறங்குபவரின் பிரேக்குகள் பெரும்பங்கை வெப்பமாக ஏற்றாக வேண்டும். 160 மி.மீ. ரோட்டரும் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் வட்டு) இரு பிஸ்டன் காலிப்பரும் கொண்ட இலகுவான பிரேக் இதற்கு ஏற்றதல்ல. நான்கு பிஸ்டன் காலிப்பர், முன்னால் 200 அல்லது 203 மி.மீ. ரோட்டர், பின்னால் ஃபிரேம் அனுமதிக்கும் மிகப் பெரிய அளவு என்பதே என் தேர்வு. அந்தப் பின்பக்க வரம்பை ஃபிரேம் வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ரெசின் பேடுக்கு மட்டும் என்று குறித்த ரோட்டரில் உலோகப் பேடைப் போடக் கூடாது. டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவம் கேட்கும் பிரேக்கில் மினரல் ஆயிலையோ, அதற்கு மாறாகவோ ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் வீணாகும். டாட் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், டாட் 5.1 திரவத்தின் கொதிநிலைக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சம் 260 டிகிரி என்பது தரவிதி, ஈரம் ஏறிய நிலையிலோ அது 180 டிகிரிதான். ஆகவே பழைய திரவத்தோடு மலைக்குப் போகாதீர்கள். புதிய பேடுகளைச் சமதரையில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருபது முறையாவது வேகம் குறைத்துப் பழக்கிய பின்பே முதல் இறக்கத்தில் இறங்க வேண்டும்.

எடையைக் குறைக்கும் ஆசை பெரும்பாலும் பின் டயரில்தான் போய் விழுகிறது. பின்னால் எந்தத் தாங்கியும் இல்லாத சைக்கிளில் அந்த டயரே தாங்கி. கூரிய பாறையில் விழும் முழு அடியையும் அதுதான் வாங்குகிறது. 2.4 அல்லது 2.5 அங்குல அகலம், தடித்த பக்கச்சுவர், டியூப் இல்லாத அமைப்பு, ரிம்மைக் காக்கும் நுரை வளையம், முன் டயரைவிடச் சில பி.எஸ்.ஐ. கூடுதல் காற்று ஆகியவற்றில் எதையும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கிராம் கணக்கு பார்க்க வேறு இடங்கள் இருக்கின்றன.

கியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 29 அங்குலச் சக்கரத்தில் 30 பல் முன்வட்டும் 51 பல் பின்வட்டும் இருந்தால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தும் மணிக்கு 5 கிலோமீட்டரை ஒட்டித்தான் செல்ல முடியும். மணிக்கணக்கில் நீளும் ஏற்றத்துக்கு அந்த மெதுவான கியர் தேவை. வீட்டருகே பழகிய 34 பல் வட்டை அப்படியே மாட்டிவிடாதீர்கள். அது பின்சக்கரத்துக்குச் செல்லும் ஃபிரேம் குழாயான செயின்ஸ்டேயில் உரசவும் கூடும்.

பூட்டி முடித்த சைக்கிளை நேராக மலைக்குக் கொண்டுபோவதும் தவறே. புதிய ஸ்போக்குகள் தளரும், ஹெட்செட் அமர்ந்து இடைவெளி விடும், கேபிள் இழுபடும். இரண்டு மூன்று முறை அருகில் ஓட்டி, போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு மறுபடி சரிபாருங்கள்; ஆறு போல்ட் ரோட்டருக்கு சுமார் 6 நியூட்டன் மீட்டர் போதும். பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு இணைக்கும் சிறு துண்டான டெரெய்லர் ஹேங்கரில், அந்த ஃபிரேமுக்கே உரிய உதிரி ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஊர்க் கடையில் அதே வடிவம் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.