கிறிஸ்தவ மன்னர்களின் முஸ்லிம் குடிகள்: படிக்கும்போது வழுக்கும் இடங்கள்

இடைக்கால ஸ்பெயின் என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் எழும்: முஸ்லிம் ஆட்சியில் கிறிஸ்தவர்களும் யூதர்களும் எப்படி இருந்தார்கள்? மறுபக்கத்தைக் கேட்பவர்கள் குறைவு. 1085இல் காஸ்டீல் மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோ தொலேதோவைப் பிடித்ததிலிருந்து 1526 வரை, நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக, கிறிஸ்தவ மன்னர்களின் குடிகளாக முஸ்லிம்கள் அங்கே வாழ்ந்தார்கள். வரலாற்று நூல்கள் அவர்களை முதெஹார்கள் என்கின்றன. சிசிலியிலும், சிலுவைப் போராளிகள் பிடித்த பாலஸ்தீனக் கரையிலும், ஹங்கேரியிலும்கூட இதே நிலையில் முஸ்லிம்கள் இருந்தார்கள்.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்களும் வாதாடுகிறவர்களும் திரும்பத் திரும்ப வழுக்குகிற இடங்கள் சில உண்டு. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. வரியும் குத்தகையும் யார் கைக்குப் போயின என்று பார்க்காமல், மதத்தை மட்டும் வைத்துக் கதை சொல்லிவிடுகிறோம்.

‘ஊரைப் பிடித்ததும் எல்லோரையும் விரட்டிவிட்டார்கள்’

விரட்டிய ஊர்கள் உண்டு. 1248இல் செவில் சரணடைந்தபோது நகரமே காலியானது. 1287இல் மெனோர்கா தீவில் நடந்தது இன்னும் கொடுமை. மீட்புப் பணம் கட்ட முடிந்தவர்கள் கப்பலேறினார்கள், முடியாதவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். ஆனால் இதைப் பொது விதியாக எடுத்துக்கொண்டால் எப்ரோ ஆற்றங்கரையில் நடந்தது புரியாமல் போகும்.

அரகோன் மன்னர் முதலாம் அல்ஃபோன்சோ 1118இல் எப்ரோ கரையிலுள்ள சரகோசாவையும் அடுத்த ஆண்டு துதேலாவையும் பிடித்தார். துதேலா மக்களோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கை இன்றும் கிடைக்கிறது. அதன்படி முஸ்லிம்கள் ஓராண்டுக்கு மதிலுக்குள் தங்கள் வீடுகளிலேயே இருக்கலாம். பெரிய பள்ளிவாசலும் அதுவரை அவர்கள் கையில்தான். ஓராண்டு முடிந்ததும் மதிலுக்கு வெளியே குடிபெயர வேண்டும். நிலம் அவர்களுடையதே, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும். அவர்களுக்குள் வரும் வழக்கை அவர்களுடைய காஜியே விசாரிப்பார். போக நினைக்கிறவர் சொத்துபத்தோடு முஸ்லிம் நாட்டுக்குப் போகலாம்.

இத்தனை தாராளம் எதற்கு? அந்த வாய்க்கால்களையும் தோட்டங்களையும் நடத்தத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். வடக்கிலிருந்து குடியேற வந்த கிறிஸ்தவர்கள் போதவில்லை. எல்லோரும் கிளம்பிவிட்டால் பிடித்த ஊரில் தரிசு நிலம்தான் மிஞ்சும்.

வலென்சியாவிலும் அப்படித்தான். 1238இல் அரகோன் மன்னர் முதலாம் ஹைமே நகரத்தைக் காலி செய்ய வைத்தார். சுற்றிலும் இருந்த கிராமங்களில் பல தலைமுறைக்கு முஸ்லிம்களே பெரும்பான்மை. 15ஆம் நூற்றாண்டின் முடிவில்கூட வலென்சிய நாட்டு மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். காஸ்டீலில் அவர்கள் சிறு தொகையினர். ஆக, ‘ஸ்பெயின் முஸ்லிம்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்வதே ஆபத்து.

ஆண்டுக் குழப்பமும் இங்கேதான் வருகிறது. 1492இல் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அந்த ஆண்டு ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாதா வீழ்ந்தது சரி, ஆனால் அந்த ஆண்டின் வெளியேற்ற ஆணை யூதர்கள் மீதானது. முஸ்லிம்களுக்கு ‘ஞானஸ்நானம் பெறு, இல்லையேல் வெளியேறு’ என்ற ஆணை காஸ்டீலில் 1502இல் வந்தது, நவார்ராவில் 1516இல் வந்தது, அரகோன் மன்னரின் முடிக்கு உட்பட்ட நாடுகளில் (வலென்சியாவும் அதில் அடக்கம்) 1525–26இல் வந்தது. அதற்குப் பிறகு ஏட்டளவில் அவர்கள் கிறிஸ்தவர்கள், மொரிஸ்கோக்கள். அவர்களில் சுமார் 3 லட்சம் பேரை 1609 முதல் 1614 வரை நாடு கடத்தியது வேறு அத்தியாயம்.

‘பொற்காலமா, இருண்ட காலமா?’

கேள்வியே தவறு. இருந்தாலும் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

சிலுவைப் போராளிகள் ஆண்ட நாட்டிலிருந்து இரண்டு சாட்சிகளைப் பார்க்கலாம். அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் 1184இல் திப்னீன் என்ற ஊரிலிருந்து அக்கா (ஏக்கர்) துறைமுகத்துக்குப் போகிறார். வழியில் முஸ்லிம் கிராமங்கள், ஆண்டவர்கள் ஐரோப்பியப் பிரபுக்கள். அறுவடையில் பாதி, தலைக்கு 1 தீனார் 5 கீராத் (கீராத் என்பது தீனாரில் ஒரு சிறு கூறு), மரங்களின் பழத்துக்குச் சின்ன வரி. அவ்வளவுதான் வாங்குகிறார்கள், வீடுவாசல் அவர்களுக்கே என்று எழுதுகிறார். பக்கத்து முஸ்லிம் நாட்டுக் குடியானவன் தன் சொந்த மதத்துப் பிரபுவிடம் படும் பாட்டைவிட இவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களே என்று அவருக்கு வேதனை. சிலுவைப் போராளிகளின் ஆட்சி நல்லாட்சி என்று நிரூபிக்க இந்தப் பத்தியை மேற்கோள் காட்டாதவர் இல்லை.

சரி, ஒரு தலைமுறைக்கு முன்னால், அதே நாட்டில், நாப்லுஸ் பக்கத்து ஜம்மாயீல் கிராமத்துக்குப் போவோம். மற்றப் பிரபுக்கள் தலைக்கு 1 தீனார் வாங்கினார்கள், எங்கள் பிரபு 4 தீனார் வாங்கினான், குடிகளை அங்கஹீனம் செய்தான் என்று அந்த ஊர்க் குடும்பங்களின் வழிவந்த ஒருவர் பதிந்து வைத்திருக்கிறார். அங்கே ஜும்ஆ (வெள்ளிக்கிழமை) நாளில் மக்களைக் கூட்டிப் பேசிய ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், அஹ்மத் இப்னு குதாமா 1156 வாக்கில் திமிஷ்குக்கு (டமாஸ்கஸ்) தப்பினார். சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் பின்னாலேயே போனார்கள். இரண்டு சாட்சியும் உண்மை. ஒரே நாட்டில் இரண்டு பிரபுக்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அரகோனில் இந்தக் கணக்கு இன்னும் வெளிப்படை. முஸ்லிம்களையும் யூதர்களையும் ‘நம் கருவூலம்’ என்று மன்னர்கள் ஆவணங்களில் குறிப்பிட்டார்கள். கருவூலத்தை யாராவது தாக்கினால் மன்னருக்குக் கோபம் வரத்தானே செய்யும்? அதே கருவூலக் கண்ணோட்டத்தின் கோர முகத்தையும் பார்க்க வேண்டும். கிறிஸ்தவ ஆணோடு உறவு கொண்டதாகக் குற்றம் நிரூபிக்கப்பட்ட முஸ்லிம் பெண் மன்னரின் அடிமையாகலாம். அவளை விற்ற பணம் அரசுக்கு. பாதுகாப்பும் கொடுமையும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டவை.

‘மூர் (முஸ்லிம்) இல்லாதவனுக்குப் பொன் இல்லை’ என்ற பொருளில் அந்த நாட்டில் ஒரு சொலவடை உண்டு. வலென்சியப் பிரபுக்கள் முஸ்லிம் குடியானவர்களை விட்டுக்கொடுக்காமல் நின்றதன் ரகசியம் அதில் இருக்கிறது. 1519இல் அங்கே கைவினைஞர் சங்கங்கள் பிரபுக்களுக்கு எதிராகக் கிளர்ந்தன. 1521இல் அந்தக் கிளர்ச்சிக்காரர்கள் முஸ்லிம்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மதவெறி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அடி விழுந்தது பிரபுக்களின் பணப்பெட்டியிலும்தான்: முஸ்லிமாக இருந்தால் கட்ட வேண்டிய கூடுதல் குத்தகையும் வரியும் கிறிஸ்தவனுக்கு எப்படிப் பொருந்தும்? கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு, அந்த ஞானஸ்நானம் செல்லுமா என்று பெரிய விசாரணை நடந்தது. செல்லும் என்று 1525இல் மன்னர் ஐந்தாம் சார்லஸ் முடிவு கட்டினார். மிச்சமிருந்தவர்களையும் மதம் மாறச் சொல்லும் ஆணை அதே ஆண்டில் வந்தது. பிரபுக்கள் கடைசிவரை முனகினார்கள்.

சட்டப் புத்தகத்தை வாழ்க்கை என்று நம்புவது

13ஆம் நூற்றாண்டுக் காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவின் பெரிய சட்டத்தொகுப்பு, கிறிஸ்தவ ஊர்களில் முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல் கூடாது என்கிறது. இதை மட்டும் படித்துவிட்டுக் காஸ்டீலில் பள்ளிவாசலே கிடையாது என்று எழுதிவிடுவார்கள். அந்தத் தொகுப்பு நாட்டின் சட்டமாக அங்கீகாரம் பெற்றதே 1348இல்தான், அதுவும் துணைச் சட்டமாக. ஆவிலா போன்ற ஊர்களில் பள்ளிவாசல்கள் 15ஆம் நூற்றாண்டிலும் இயங்கின.

1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் லாத்தரன் திருச்சங்கம் யூதர்களும் முஸ்லிம்களும் உடையால் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்றது. 1311–12இல் வியன் திருச்சங்கம் பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்வதைத் தடை செய்யும்படி மன்னர்களைக் கேட்டது. அரகோனில் இந்தத் தடை ஒருமுறை போடப்பட்டு முடிந்துபோகவில்லை. மீண்டும் மீண்டும் ஆணை பிறந்தது. ஒரே ஆணையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தால், யார் அதைக் கேட்டு நடந்தார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எதிர்த் திசையிலும் இந்தப் பிழை நடக்கும். உடன்படிக்கையில் எழுதியிருக்கிறது, ஆகவே சுதந்திரமாக வாழ்ந்தார்கள் என்பார்கள். 1491 நவம்பரில் கையெழுத்தான கிரனாதா உடன்படிக்கை மதத்துக்கும் பள்ளிவாசலுக்கும் சட்டத்துக்கும் உறுதி கொடுத்தது. 1499இல் பேராயர் சிஸ்னேரோஸ் அங்கே வந்து மதமாற்றத்தை முடுக்கிவிட்டார். முஸ்லிம்கள் வாழ்ந்த அல்பைசின் பகுதி கொதித்தெழுந்தது. கிளர்ச்சி செய்துவிட்டீர்கள், ஒப்பந்தம் முறிந்தது என்று அரசு சொல்லிவிட்டது. பத்தாண்டுகூடத் தாங்கவில்லை.

‘பத்வா சொன்னது, ஆகவே கிளம்பிவிட்டார்கள்’

கிறிஸ்தவ ஆட்சியில் முஸ்லிம் இருக்கலாமா என்பதில் மார்க்க அறிஞர்கள் ஒரே குரலில் பேசவில்லை. மொரோக்கோவின் வன்ஷரீஸி 1491இல் எழுதிய பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கடுமையானது: ஹிஜ்ரத், அதாவது முஸ்லிம் நாட்டுக்குக் குடிபெயர்வது, கட்டாயம், முடிந்தும் போகாதவன் பாவி. மர்பெல்லாவில் தங்கியிருந்த ஒருவரைப் பற்றியும் அவரிடம் கேட்டார்கள். அவர் காணாமல் போன சகோதரனைத் தேடித் தங்கியவர். மொழி தெரிந்ததால் அங்குள்ள ஏழை முஸ்லிம்களுக்காக அதிகாரிகளிடம் பேசிக் காப்பாற்றுகிறவர். அவராவது இருக்கலாமா? கூடாது என்றார் வன்ஷரீஸி. இதைத் தவறாமல் மேற்கோள் காட்டுகிறவர்கள், 1141இல் இறந்த அல்-மாஸரியை மறந்துவிடுகிறார்கள். கிறிஸ்தவ மன்னர் நியமித்த சிசிலி காஜிகளின் தீர்ப்பும் சாட்சிப் பத்திரமும் செல்லும் என்று சொன்னவர் அவர். 1504இல் ஒரானிலிருந்து வந்த பத்வா இன்னொரு கோடி: வெளியே கிறிஸ்தவராக நடியுங்கள், உள்ளத்தில் ஈமானை வைத்திருங்கள் என்று கட்டாய ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு வழிகாட்டியது.

இவற்றை வைத்து மக்கள் என்ன செய்தார்கள் என்று கணக்குப் போட முடியாது. அரகோனில் வெளியேற அரச அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்குக் கட்டணம் வேண்டும், பிரபுவின் முகச்சுளிப்பையும் சமாளிக்க வேண்டும். நிலம், கல்யாணம், வயதான பெற்றோர், கடன் எல்லாம் இருக்கிற குடும்பம் பத்வா படித்த மறுநாளே மூட்டை கட்டுமா என்ன?

மொழியையும் மதத்தையும் ஒன்றாகப் பார்ப்பது

வலென்சியா முஸ்லிம்கள் கடைசிவரை அரபு பேசினார்கள். காஸ்டீலிலும் அரகோனிலும் பெரும்பாலோர் வீட்டிலேயே ஸ்பானியப் பேச்சுக்கு மாறிவிட்டார்கள். அதனால் மார்க்கத்தை விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டுவது அவசரம். செகோவியாவின் ஆலிம் ஈசா, இஸ்லாமியக் கடமைகளைச் சொல்லும் ஒரு கையேட்டை 1462இல் ஸ்பானிய மொழியிலேயே எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஹுவான் தெ செகோவியா என்ற கிறிஸ்தவ இறையியலாளர் அழைத்ததால் சவோய் மலைநாட்டுக்குப் போய்க் குர்ஆனை ஸ்பானியத்தில் பெயர்த்துக் கொடுத்தவரும் அவரே. அந்தப் பெயர்ப்பு தொலைந்துபோனது.

ஸ்பானியப் பேச்சை அரபு எழுத்தில் எழுதும் வழக்கமும் வளர்ந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் அரபுத்தமிழ் ஏடு பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எழுத்தைப் பார்த்து அரபு என்று ஒதுக்கினால் உள்ளே இருக்கும் மொழி கைநழுவும். 1884இல் அரகோனின் அல்மொனாசித் தெ லா சியெர்ராவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது பொய்த்தளத்துக்கு அடியிலிருந்து கட்டுக் கட்டாக இப்படிப்பட்ட சுவடிகள் வெளியே வந்தன. இன்றைய ஆராய்ச்சியில் கணிசமான பகுதி அந்தப் புதையலை நம்பி நிற்கிறது.

கட்டடக் கலையிலும் ஒரு சின்னக் குழப்பம். ‘முதெஹார் பாணி’ என்றால் முஸ்லிம்கள் கட்டியது என்று எடுத்துக்கொள்கிறோம். அது 1859இல் ஒரு கலை வரலாற்றாசிரியர் வைத்த பெயர். சரகோசா பேராலயத்தில் வேலை செய்த மஹோமா ராமி போன்ற முஸ்லிம் மேஸ்திரிகள் இருந்தார்கள். அதே செங்கல் வேலையைக் கிறிஸ்தவக் கொத்தனார்களும் செய்தார்கள். கோபுரத்தைப் பார்த்துக் கட்டியவரின் மதத்தைச் சொல்ல முடியாது.

அரசவையைப் பார்த்து ஊரை எடைபோடுவது

சிசிலியைப் பற்றி எழுதினால் அதன் மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையும், அங்கே உலகப்படம் வரைந்த அல்-இத்ரீஸியும் வராமல் இருக்க மாட்டார்கள். அரபு எழுதப் படிக்கத் தெரிந்த மன்னர், அரண்மனை முழுக்க முஸ்லிம் பணியாளர்கள் என்று இப்னு ஜுபைரும் ரோஜரின் பேரன் இரண்டாம் வில்லியமைப் பற்றிச் சொல்கிறார். பலேர்மோவில் பாங்கு கேட்டதையும், ஜும்ஆ குத்பாவுக்கு (வெள்ளித் தொழுகைப் பேருரை) மட்டும் தடை இருந்ததையும் குறிக்கிறார்.

அதே பயணத்தில் திராபானியில் அவர் கண்டதை அதிகம் பேர் எடுத்துக்காட்டுவதில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர், ஹஜ் முடித்துத் திரும்பும் பயணி ஒருவரிடம் மகனை அனுப்பிக் கேட்கிறார்: என் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிடித்தால் நீங்களே நிக்காஹ் செய்யுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஊரில் நல்லவன் ஒருவனுக்குக் கொடுங்கள். இங்கே இருந்தால் அவளுடைய மார்க்கம் போய்விடும். அந்தப் பெண்ணும் சம்மதித்துக் கிளம்பத் தயாராக நின்றாள். பெற்றவர்கள் திட்டினால் கோபித்துக்கொண்டு கோயிலுக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கிவிடும் பிள்ளைகளைப் பற்றியும் அங்கே கேள்விப்படுகிறார்.

1189இல் வில்லியம் இறந்ததும் பலேர்மோவில் முஸ்லிம்களைத் தாக்கினார்கள். பிழைத்தவர்கள் மலைக்கு ஓடிக் கிளர்ச்சி செய்தார்கள். பின்னர் சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 1220களிலிருந்து அவர்களை ஆயிரக்கணக்கில் தென் இத்தாலியின் லுசேராவுக்குப் பெயர்த்தார். அங்கே அவர்கள் உழுதார்கள், அவருக்கு வில்வீரர்களாகவும் போருக்குப் போனார்கள். போப்புக்கு எதிராக நம்பத்தகுந்த படை அவருக்கு வேறு எங்கே கிடைக்கும்? 1300 ஆகஸ்டில் ஆன்ஜு (Anjou) வம்சத்து மன்னர் இரண்டாம் சார்லஸ் அந்தக் குடியிருப்பைக் கலைத்து மக்களை அடிமைகளாக விற்றார். அப்போது அவருக்குக் கழுத்துவரை கடன்.

ஹங்கேரியைப் பெரும்பாலும் யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 13ஆம் நூற்றாண்டில் புவியியல் அறிஞர் யாகூத் அலெப்போவில் ஹனஃபி ஃபிக்ஹ் (ஹனஃபி மரபின் மார்க்கச் சட்டம்) படிக்க வந்த ஹங்கேரி முஸ்லிம் மாணவர்களைச் சந்தித்தார். எங்களுக்குச் சுமார் முப்பது கிராமங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சிறு நகரம், ஆனால் கிளர்ச்சிக்குப் பயந்து மதில் கட்ட மன்னர் விடுவதில்லை என்றார்கள். ஏன் தாடியை மழித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் யாகூத். படையில் இருப்பவர்கள் மட்டும் ஐரோப்பியர்களைப் போல மழிப்பார்கள், மற்றவர்கள் மழிப்பதில்லை என்று பதில் வந்தது. இவர்கள் படையோடு நிற்கவில்லை, அரசின் நாணயச் சாலையிலும் உப்பு வரியிலும் சுங்கத்திலும் புகுந்திருந்தார்கள். 1222இல் பிரபுக்கள் மன்னரிடம் எழுதி வாங்கிய பொன்முத்திரை ஆணையில் அந்த வேலைகள் யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. வரிக் குத்தகையை மதம் பார்க்காமல் ஏலத்துக்கு விட்டுப் பழகிய மன்னர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1233இல் திருச்சபை நெருக்கி, அதையே சத்தியமாக அவரிடம் மறுபடியும் வாங்க வேண்டியிருந்தது.