குட்டி யானைக்குக் காலையிலேயே காற்றுப் பாருங்கள்

குட்டி யானை (டாடா ஏஸ் சின்ன சரக்கு வண்டி) ஓட்டுபவர்கள் டயர் காற்றைக் காலையில், முதல் லோடு ஏற்றும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் 4, 5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூடக் காட்டும். அதை நம்பி மதியம் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் தளர்ந்து நிற்கும். அந்த நிலையில் முக்கால் டன் ஏறினால் டயரின் பக்கச்சுவர் மடிந்து சூடேறும், இரண்டு ஓரமும் தேயும், டீசலும் வீணாகும். நல்ல டயரைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த அவசரம்தான்.

முன் டயருக்கும் பின் டயருக்கும் காற்றின் அளவு வேறாக இருக்கலாம். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ கையேட்டையோ பாருங்கள். அப்புறம், மூடியைப் போடும் முன் வால்வு வாயில் ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழ் எழும்பினால் வால்வுக்குள் இருக்கும் ஊசி (பின்) கசிகிறது, மாற்றச் சின்னச் செலவுதான்.

காற்றுப் பார்க்கும் பெட்ரோல் பங்க் 2 கிலோமீட்டருக்குள் இருந்தால் மெதுவாக ஓட்டிப் போகலாம், அழுத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் சூடான டயரிலேயே அளவு குறைவாகக் காட்டினால் காலைவரை காத்திருக்க வேண்டாம், உடனே அடித்துவிடுங்கள். ஒரே டயர் வாரா வாரம் இறங்கினால் நேரே பஞ்சர் கடைக்குப் போங்கள்.