வீட்டிலிருந்தே பாட்டு வீடியோ: கேமராவை விடுங்கள், முதலில் குரலைக் கவனியுங்கள்

பாட்டு வீடியோ போட நினைப்பவர்கள் எந்த கேமரா வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். படம் சுமாராக இருந்தாலும் ஆள் பார்ப்பான், ஒலி இரைந்தால் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுவான்.

அந்தக் காலத்தில் பெரிய கூம்புக்குள் முழுத் தொண்டையில் பாடினால்தான் இசைத்தட்டில் பதியும். 1925 வாக்கில் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை பரவியதும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனாலும் நம்மில் பலர் இன்னும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்றுதான் பாடுகிறோம். மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, அதற்குக் கேட்டால் போதும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள், மெல்லிய இடங்களில் நெருங்கி வாருங்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்று ஓரமாக வைத்தால் 'ப' வருகிற இடத்தில் எல்லாம் காற்று வந்து மோதாது.

போனின் கேமரா ஆப் பெரும்பாலும் ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும். நீங்கள் மெதுவாகப் பாடினால் ஃபேன் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கும், உச்சத்தில் ஓங்கினால் அமுக்கிவிடும், பாட்டின் உணர்ச்சி எல்லாம் தட்டையாகிவிடும். அதனால் ஒலியை, அதன் அளவை நாமே வைக்கக்கூடிய ரெக்கார்டிங் ஆப்பில் தனியாக எடுங்கள்: சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ், உச்சத்தில் பாடும்போதும் ஒலி அளவு காட்டும் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. இரண்டு பதிவும் ஓடத் தொடங்கியதும் கேமரா முன் ஒரு முறை கை தட்டுங்கள். எடிட் செய்யும்போது ஒலி அலையில் ஊசி மாதிரி நிற்கும் அந்த இடத்தையும், கைகள் சேரும் ஃபிரேமையும் பொருத்தினால் உதடும் குரலும் சேர்ந்துவிடும்.

கரோக்கி கேட்க ப்ளூடூத் வேண்டாம், ஒலி தாமதமாக வரும், நீங்களும் தாளத்துக்குப் பின்னால் ஓடுவீர்கள். வயர் வைத்த ஹெட்போன் போதும், ஒரு காதைத் திறந்து வைத்தால் சுருதி விலகுவது உடனே தெரியும். அப்புறம், பாத்ரூமில் குரல் அழகாகக் கேட்கிறதே என்று அங்கே போய்ப் பதிவு செய்யாதீர்கள்! எதிரொலியைப் பிறகு சேர்க்கலாம், பதிவானதை ஒழுங்காக நீக்க முடியாது. துணிகள் தொங்கும் அறை உத்தமம்.

சுருதி விலகிய குரலைத் திருத்தும் ஆட்டோ ட்யூன் மென்பொருள் 1997இல் வந்தது. அதைத் தொடவே கூடாது என்பவன் இல்லை நான். ஆனால் அது திருத்தும் வேகத்தைக் கூட்டி வைத்தால் கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் அழகு, செத்துப்போகும்: 'ரி' சுரத்திலிருந்து 'க' சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிற இழுவையைக்கூட அந்த மென்பொருள் பிழை என்று நினைத்துப் படிக்கட்டு மாதிரி வெட்டிவிடும். பாட்டின் சுரங்களை மட்டும் தேர்ந்து கொடுத்து, வேகத்தைக் குறைத்து, தடுமாறிய ஓரிரு சொல்லுக்கு மட்டும் போடுங்கள். பாதிப் பாட்டுக்குத் தேவைப்பட்டால் மறுபடி பாடிவிடுவதுதான் சுலபம்.

கடைசியில் ஒலியை ஏற்றி நசுக்க வேண்டாம், அதிகச் சத்தத்தை யூடியூபே குறைத்துவிடும். கரோக்கி யாருக்குச் சொந்தம் என்றும் பார்த்துவிடுங்கள், உரிமை கோரல் வந்தால் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகலாம்.