இம்ப்ளான்ட் பல்லைச் சுற்றியுள்ள ஈறைக் காப்பது எப்படி?

இழந்த பல்லுக்குப் பதில் தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன்மேல் கேப் எனப்படும் செயற்கைப் பல்லை மாட்டுவதே இம்ப்ளான்ட். இந்தப் பல்லில் சொத்தை விழாது. அதனாலேயே பலர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆபத்து ஈறின் ஓரத்தில்தான் தொடங்குகிறது.

இயற்கைப் பல்லின் வேருக்குள் ஈறின் நார்கள் குறுக்காகப் பதிந்து இறுகப் பிடித்திருக்கும். டைட்டானியத்தில் அவை பதிவதில்லை. அதை ஒட்டி, பெரும்பாலும் மேலும் கீழுமாக ஓடுகின்றன. வேரைச் சுற்றியிருந்த சவ்வும் அங்கே கிடையாது, அதன் வழியாக ஈறுக்கு வந்த ரத்தமும் கிடையாது. ஆகவே அழுக்குப் படலம் ஒருமுறை உள்ளே இறங்கிவிட்டால், தடுத்து நிறுத்த அங்கே காவல் குறைவு.

ஈறில் ரத்தம் கசியும் வாயில் இம்ப்ளான்ட் வைக்க அவசரப்படக் கூடாது. முதலில் ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது), தேவைப்பட்டால் ஈறுக்குக் கீழே வேர்வரை ஆழமான சுத்தம். 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான ஈறுப் பைகள் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உண்டாகும் இடைவெளி) ரத்தக் கசிவோடு மிஞ்சியிருந்தால், சிகிச்சை இன்னும் முடியவில்லை என்று பொருள். சர்க்கரை நோயாளிகள் சமீபத்திய எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை) அறிக்கையைக் கொண்டுபோக வேண்டும். 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். புகையிலை, பீடி, சிகரெட் எல்லாமே ஆறுவதைக் கெடுக்கும்.

கேப் மாட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. கேப் ஸ்க்ரூவால் பிடிக்கிறதா, சிமென்டால் ஒட்டுகிறதா? ஒட்டுவதாக இருந்தால் ஈறுக்குக் கீழே வழிந்த சிமென்ட் முழுதும் எடுக்கப்பட்டதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கச் சொல்லுங்கள். மிஞ்சிய துணுக்கு மாதக்கணக்கில், சில சமயம் வருடங்கள் கழித்துக்கூட ஈறைப் புண்ணாக்கும். அடுத்தது, பக்கவாட்டில் பிரஷ் நுழைய இடம் இருக்கிறதா? பார்வைக்கு அழகாக ஈறை மூடி உப்பியிருக்கும் கேப்பைச் சுத்தம் செய்யவே முடியாது. கேப் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரேயையும் ஈறு அளவுகளையும் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் எலும்பு குறைந்ததா என்பதை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

இம்ப்ளான்ட் வைக்கும் அறுவை முடிந்த முதல் 24 மணி நேரம் வேகமாகக் கொப்பளிக்கவோ துப்பவோ வேண்டாம். தையல் பிரிக்கும்வரை அந்த இடத்தில் பிரஷ் படாமல், மற்ற பற்களை மட்டும் துலக்குங்கள். டாக்டர் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்க் கொப்பளிப்பு மருந்தை எழுதித் தந்தால், 10 மில்லியை ஒரு நிமிடம் வாயில் வைத்திருந்து துப்ப வேண்டும், நாளைக்கு இருமுறை. பேஸ்ட் போட்டுத் துலக்கிய உடனே கொப்பளித்தால் மருந்தின் வீரியம் குறையும். அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். சொன்ன நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் சுவையும் மாறும்.

ஆறிய பிறகு தினசரி வேலை. மென்மையான பிரஷை ஈறும் கேப்பும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாகத் துலக்குங்கள். நாக்குப் பக்கம்தான் பெரும்பாலும் விடுபடும். அங்கிருந்தே தொடங்குவது நல்ல பழக்கம். இரவில் இடைப்பல் பிரஷ் (பல்லிடுக்கில் நுழைக்கும் சின்ன பிரஷ்) அவசியம். கம்பியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதை வாங்குங்கள். லேசான இறுக்கத்தோடு நுழைய வேண்டும். தொளதொளவென்று போனால் அந்த பிரஷ் அளவில் சின்னது, கம்பி வளைந்தால் அளவில் பெரியது என்று பொருள். நான்கைந்து முறை உள்ளும் வெளியும் இழுத்தால் போதும்.

பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலான சாதாரண ஃப்ளாஸில் கவனம் தேவை. கேப்பின் சொரசொரப்பான விளிம்பிலோ வெளியே தெரியும் ஸ்க்ரூ மரையிலோ நூல் பிய்ந்து சிக்கிக்கொண்டால், அந்தத் துணுக்கே அழற்சியைக் கிளப்பும். அதைவிடப் பஞ்சு போன்ற தடித்த ஃப்ளாஸ் நல்லது. தண்ணீர் பீய்ச்சும் கருவி கூடுதல் உதவிதான், பிரஷுக்கு மாற்றல்ல. கரி, செங்கல்பொடி, ஊக்கு, குண்டூசி எதுவும் கிட்டே வரக் கூடாது.

பரிசோதனைக்கு, ஏற்கெனவே ஈறு நோய் இருந்தவர்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை போவது பாதுகாப்பு. வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எலும்பு கரையும்போதுகூட பலருக்கு வலிப்பதில்லை. முதல் எச்சரிக்கை ரத்தம். ஈறு மட்டும் வீங்கிக் கசியும் கட்டத்தில் சரியாகச் சுத்தம் செய்தால் நிலைமை திரும்பிவிடும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் இழந்ததை முழுதாக மீட்பது கடினம். பழைய அளவுகள் இல்லாதவர்களுக்கு, 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஆழம், ரத்தக் கசிவு, எக்ஸ்ரேயில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எலும்பு இழப்பு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் எலும்புவரை நோய் இறங்கிவிட்டதாக டாக்டர்கள் கொள்கிறார்கள்.

ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். மென்மையாக, ஆனால் முழுதாகச் செய்யுங்கள். ஒரு வாரத்தில் நிற்கவில்லை என்றாலோ, சீழ், கெட்ட ருசி, வீக்கம் தெரிந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். பல் ஆடினால் அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். கேப்பின் ஸ்க்ரூ மட்டும் தளர்ந்திருந்தால் முறுக்கிச் சரிசெய்யலாம். எலும்பிலுள்ள இம்ப்ளான்டே ஆடினால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியிருக்கும். எது என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். டைட்டானியத்தில் ஒட்டிய படலத்தை மாத்திரை கரைக்காது, கருவி வைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.