மரச்சீனிக் கிழங்கும் பதினொரு மணிப் பசியும்

குமரி மாவட்டத்தில் காலையில் அவித்த மரச்சீனிக் கிழங்கையும் (மரவள்ளிக் கிழங்கு) கட்டன் சாயாவையும் (பாலில்லாத தேநீர்) மட்டும் கொண்டு வயிற்றை நிரப்புவோர், பதினொரு மணிக்கெல்லாம் நேந்திரங்காய் சிப்ஸைத் தேடினால், அதை வெறும் நாக்கின் குற்றமாகக் கருத வேண்டாம். கிழங்கில் மாவுச்சத்து மிகுதி. புரதமோ 100 கிராமுக்கு 1 கிராமை ஒட்டித்தான் இருக்கும். அந்த மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து விரைவாக இரத்தத்தில் கலக்க, அதை அடக்க இன்சுலின் மிகுதியாகச் சுரந்து, சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் சர்க்கரை முன்பிருந்த அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அப்போதுதான் பசியும் இனிப்பின் மீதான ஆசையும் தலைதூக்குகின்றன. சாயாவில் சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்பது வெறும் ஆறுதல்தான்.

இதற்காகக் கிழங்கையே விலக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது, குமரியும் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரின் பசியைத் தணித்த உணவு அது. தட்டில் கால் பங்கு கிழங்கு, கால் பங்கு சாளை (மத்தி) மீன், மீதிப் பாதியில் முருங்கைக்கீரைத் தோரனோ (தேங்காய் சேர்த்த பொரியல்) புடலங்காயோ வைத்துக்கொள்ளுங்கள்; மீன் உண்ணாதவர்களுக்குச் சிறுபயறு உண்டு. தோரனையும் மீனையும் முதலில் உண்டு, கிழங்கைக் கடைசியில் எடுத்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். கிழங்கைக் குழைய மசிக்காமல் துண்டாகவே உண்பது மேல். அவித்து ஆறவைத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காததாக மாறும் என்பது உண்மையே. ஆயினும் அதை நம்பி இரண்டு மடங்கு உண்ணக் கூடாது. உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது அதைவிடப் பயன் தரும்.

பலன் தெரிய வேண்டுமானால், ஒரு நாள் கிழங்கைத் தனியாகவும், மற்றொரு நாள் அதே அளவு கிழங்கை மீன், தோரனுடனும் உண்டு, முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். நீரிழிவு உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு அது 180 மி.கி.க்குள் இருப்பது பொதுவான இலக்கு. இன்சுலின் போடுவோரும், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை உண்போரும் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்ட பிறகே இம்முறைக்கு மாற வேண்டும்.