ஓட்டு இயந்திரத்தின் நிரலைத் திறந்துவிட்டால் போதுமா?

லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் பழகியவர்களிடம் மின்னணு வாக்குப்பதிவு பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நிரலை யாரும் படிக்கும்படி திறந்துவிடுங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்." நானும் பல வருடம் இதையே சொன்னவன்தான். இப்படி நிரலைத் திறந்து வைக்கும் திறந்த மூல மென்பொருள் மீது எனக்கு இருக்கும் பற்று இன்றும் குறையவில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குள் சில தவறுகள் இருக்கின்றன.

யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால், யாரோ படித்திருப்பார்கள் என்று நினைப்பது முதல் தவறு. இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை 2012-இல் நுழைந்தது, 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. அதுவரை எல்லோர் கண்முன்னாலும் கிடந்தது.

வெளியிட்ட நிரல்தான் கருவியில் ஓடுகிறது என்று நம்புவது அதைவிடப் பெரிய தவறு. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளில், நெடுநாள் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் பின்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி, வைத்தார். அதை இயக்கிவிடும் முக்கியமான துண்டு எல்லோரும் நிரலைப் படிக்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை, நிறுவுவதற்காக வெளியிட்ட தொகுப்பில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தை மட்டும் வரிவரியாகப் படித்தவருக்கு அது கண்ணில் பட்டிருக்காது. 2024 மார்ச்சில் ஆந்த்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்துத் தோண்டியதால்தான் பிடிபட்டது.

சொந்தக் கணினியில் அப்படித் தோண்டலாம். வாக்குச்சாவடியில் முத்திரையிட்ட பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்று வரிசையில் நிற்பவர் எப்படிப் பார்ப்பார்? ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009-இல் இதைத்தான் பிடித்துக்கொண்டது. தேர்தலின் முக்கியப் படிகளைத் தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்று சொல்லி, அங்கே பயன்படுத்திய வாக்குப்பதிவுக் கணினிகளை ஏற்கவில்லை. எனக்கு இது மிகச் சரியான அளவுகோலாகப் படுகிறது.

அப்படியென்றால் நிரலை மூடியே வைக்கலாம் என்ற முடிவுக்கும் போய்விடக் கூடாது. சுவிட்சர்லாந்து அஞ்சல் துறை 2019-இல் தன் இணைய வாக்குப்பதிவு நிரலை ஆய்வுக்குத் திறந்தது. சில வாரங்களிலேயே ஆய்வாளர்கள் பெரிய குறையைக் கண்டார்கள்: உள்ளே இருக்கும் ஒருவர் வாக்குகளை மாற்றினாலும், வாக்குகள் மாறவில்லை என்று காட்ட அமைப்பு தரும் கணிதச் சான்று, எல்லாம் சரி என்றே வரும். அந்த அமைப்பு நிறுத்தப்பட்டது. திருத்தியமைத்த அமைப்பு 2023-இல்தான் சில மாநிலங்களில் வந்தது. நிரல் மூடியே இருந்திருந்தால் அந்தக் குறையை வெளியாட்கள் கண்டிருக்க வழியில்லை.

"பேங்க் வேலையெல்லாம் போனில் நடக்கிறது, ஓட்டு மட்டும் ஏன் கூடாது?" என்று வீட்டில்கூடக் கேட்கிறார்கள். வங்கியில் பணம் குறைந்தால் உங்களுக்குத் தெரியும், புகார் கொடுக்கலாம். ஓட்டு ரகசியம். யாருக்குப் போட்டீர்கள் என்று பிறகு யாராலும் காட்ட முடியக் கூடாது. காட்ட முடிந்தால் ஓட்டை விலைக்கு வாங்கலாம், மிரட்டியும் வாங்கலாம். பக்கத்தில் ஒருவர் நின்று மிரட்டிப் போட வைக்கலாம் என்பதால்தான், 2005-இலிருந்து இணையத்தில் வாக்களிக்கும் எஸ்தோனியாவில் திரும்பத் திரும்ப வாக்களிக்க விடுகிறார்கள். கடைசியாகப் போட்டதே செல்லும்.

சரி, நம் நாட்டில்? யாருக்கு ஓட்டு போட்டோம் என்று அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிகிறது. அதனால் அந்தச் சீட்டுகள் எல்லாவற்றையும் எண்ணுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 வாக்குச்சாவடிகளின் சீட்டுகளைத்தான் எண்ணி ஒப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் எண்ணக் கேட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை. முடிவு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அதிகமாக எண்ண வேண்டும் என்பது என் கருத்து. 200 ஓட்டில் முடிகிற தொகுதிக்கும் இரண்டு லட்சத்தில் முடிகிற தொகுதிக்கும் ஒரே அளவு எனக்குப் புரியவில்லை.

அதுவரை, இருக்கிற காகிதத்தையாவது விடக் கூடாது. வாக்குச்சாவடியில் வேட்பாளரின் முகவராக உட்காருபவர்கள் காலையில் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவை, குறைந்தது 50 ஓட்டு, முழுதும் பார்க்க வேண்டும். மாலையில் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் சாவடியைவிட்டு எழக் கூடாது. இயந்திரத்தின் எண்ணும் பதிவான மொத்த ஓட்டும் அதில் இருக்கும். எண்ணும் நாளில் மேசைக்கு வரும் கட்டுப்பாட்டுக் கருவியோடு இரண்டையும் ஒப்பிட ஒரு பேனா போதும்.